மருந்து செய்த கெடுதலுக்குக் கணக்கு எழுதியவர்: லியோபோல்ட் மெய்லர்

மருந்தியல் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த தடித்த புத்தகம் ஒன்று உண்டு. எந்த மருந்து எந்த நோயைத் தீர்க்கும் என்பதைத் தேடுபவர்களுக்கு அது உதவாது. எந்த மருந்து மனிதருக்கு என்ன கெடுதல் செய்யக்கூடும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். 'மெய்லரின் மருந்துப் பக்கவிளைவுகள்' என்பது அதன் பெயர். சந்தேகம் வந்தால் "மெய்லரில் பார்" என்போம், அகராதியைப் பார் என்பதுபோல. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. வடக்கில் பல வருடங்கள் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஆறுதலாகத் தேடி வாசித்தேன்.

ஒல்லாந்தர் என்றதும் எங்களுக்கு யாழ்ப்பாணக் கோட்டைதான் நினைவில் வரும். இந்தக் கதை நடந்தது அவர்களுடைய சொந்த நாட்டில், அவர்கள் வேறொருவரின் ஆக்கிரமிப்புக்குள் வாழ்ந்து எழுந்த காலத்தில்.

1940ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனிய நாசிப் படைகள் நெதர்லாந்துக்குள் புகுந்தன. ஐந்து வருடங்கள் அந்த நாடு அவர்களின் பிடியில் இருந்தது. 1944 இலையுதிர் காலத்தில் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகும் வழிகள் அடைக்கப்பட்டன. அந்தக் குளிர்காலத்தைப் 'பசிக் குளிர்காலம்' என்றே அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சனங்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றார்கள். 20,000க்கும் அதிகமானோர் பட்டினியாலும் குளிராலும் இறந்தார்கள். பசியும் நெரிசலும் இருக்கும் இடத்துக்குக் காசநோய் தானாக வந்து சேரும். கூடாரங்களில் வரிசை வரிசையாகப் படுத்து எழும்பிய எங்கள் சனங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெதர்லாந்திலும் ஆக்கிரமிப்புக் காலத்தில் காசநோய் கூடியது.

லியோபோல்ட் மெய்லர் 1903இல் பிறந்தவர். நாட்டின் வடக்கே உள்ள குரோனிங்கன் நகரில் வைத்தியராகப் பணியாற்றியவர். போர் முடிந்த பின்னர் அவருக்குக் காசநோய்ச் சிகிச்சை தேவைப்பட்டது. ஒரு வகையில் அவர் அதிர்ஷ்டசாலி. பத்து வருடங்களுக்கு முன்னர் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை என்பதற்கு மேல் வைத்தியர்களிடம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதே காலத்தில் சுவீடனில் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் வந்தது. சுருக்கமாகப் 'பாஸ்' என்பார்கள். வரலாற்றில் முதல் தடவையாகக் காசநோயைக் கொல்லும் மருந்துகள் மனிதரின் கைக்கு வந்திருந்தன.

மருந்து அவருக்கு வேறொன்றையும் கொடுத்தது. அது என்ன என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. பாஸ் மருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்தது என்று 1975இல் எழுதிய அஞ்சலிக் குறிப்பில் பேராசிரியர் விம் லாமர்ஸ் சொல்கிறார். இல்லை, டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் அவருடைய காது கேட்காமல் போனது என்று மெய்லரின் மனைவி சொன்னதாகக் கிரஹம் டியூக்ஸ் எழுதுகிறார். இரண்டுமே நடந்திருக்கலாம் என்பது பின்னர் வந்த பதிப்பாசிரியரின் கருத்து. பக்கவிளைவுகளுக்கென்றே பெரிய நூலை ஆரம்பித்த மனிதருக்கு நேர்ந்த பக்கவிளைவே இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. எனக்கு இது சிரிப்பை வரவழைக்கவில்லை. ஒருவர் இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக எடுக்கும்போது எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்வது அவ்வளவு கடினம்.

காய்ச்சலைப் பொறுத்தவரை ஒரு வழி இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் அது இறங்கும், திரும்பக் கொடுத்தால் ஏறும். ஆகவே மருந்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். காது அப்படியல்ல. போனது போனதுதான்.

அதன் காரணம் உட்காதின் அமைப்பில் இருக்கிறது. நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்புக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. சத்தத்தின் அதிர்வை நரம்புக்குப் புரியும் சைகையாக மாற்றுபவை அவைதான். தோலும் எலும்பும் மீண்டும் வளரும். மனிதரில் இந்தக் கலங்கள் இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பத்து மருந்துகள் இரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறினாலும் உட்காதின் திரவத்தில் தங்கி நிற்கும். ஊசி முடிந்து சில வாரங்கள் கழித்தும் காது மங்கத் தொடங்குவது இதனால்தான். முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். குருவிச் சத்தம் கேட்காமல் போவதை யார் கவனிக்கிறார்கள்? பிறகு ச, த போன்ற எழுத்துகள் குழம்பும். "ஏன் எல்லாரும் வாய்க்குள்ளை கதைக்கிறியள்?" என்று நோயாளி வீட்டாரைக் குறை சொல்வார். வீட்டார் வானொலியின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பார்கள்.

டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் வந்த கதையே ஒரு பாடம். மூல மருந்து தலைச்சுற்றும் தள்ளாட்டமும் தருகிறது என்று கண்டு, அதைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையில் 1946இல் ஐதரசன் ஏற்றி இதை உருவாக்கினார்கள். தள்ளாட்டத்துக்குப் பயந்து செய்த மருந்து கேட்கும் சக்தியை இன்னும் மோசமாகப் பறித்தது. அது நன்றாகத் தெரிய வந்தபோது பலர் ஊசியை ஏற்றி முடித்திருந்தார்கள்.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு மருந்து எங்கள் பகுதிச் சனங்களுக்கு நன்கு பழக்கமானது: ஜென்டாமைசின். காயத்தில் கிருமி பிடித்தால் வைத்தியர்கள் தேடும் மலிவான, பலமான ஊசி அது. போர்க்காலத்தில் எத்தனையோ கால்களையும் உயிர்களையும் அது காப்பாற்றியிருக்கிறது. நான் வன்னியில் வேலை செய்தபோது, காலில் காயத்தோடு கன நாள் படுத்திருந்த ஒரு ஐயா இருந்தார். காயம் ஆறியது. அப்பாவுக்குக் கூப்பிட்டால் கேட்குதில்லை என்று மகள் வந்து சொன்னார். அவரிடம் கேட்டபோது, "ஷெல் விழுந்த காது, தம்பி. இரைஞ்சுகொண்டுதான் இருக்கும்" என்றார். விடயம் அத்தோடு முடிந்தது. காதைச் சோதிக்கும் கருவி அந்த இடத்தில் இல்லை. ஷெல் சத்தமும் அதே மயிர்க்கலங்களைத்தான் அழிக்கிறது. பெரும் சத்தமும் இந்த மருந்தும் சேரும்போது சேதம் கூடுகிறது என்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் போர் நடக்கும் ஊரில் எந்தக் கேட்காத காதுக்கும் பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலுக்குப் பின்னால் மருந்து ஒளிந்திருந்தாலும் யாரும் தேட மாட்டார்கள்.

மெய்லருக்குத் தேடத் தோன்றியது. வைத்தியரே நோயாளியாக இருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தேடியபோது அவர் கண்டது ஒரு வெற்றிடம். மருந்துகளின் வேண்டாத விளைவுகளை ஒரே இடத்தில் பார்க்க ஒரு வைத்தியர் விரும்பினால் கையில் எடுக்கப் புத்தகம் இல்லை. பேர்லினைச் சேர்ந்த லூயி லெவின் 1881இல் அப்படி ஒரு நூலை எழுதியிருந்தார். அது அச்சில் இல்லாமல் போய்ப் பல காலம். லெவினின் காலத்துக்குப் பிறகு சல்பா மருந்துகள், பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் என்று மருந்துலகமே மாறிவிட்டது. புதிய மருந்துகளின் கெடுதல்கள் நூறு சஞ்சிகைகளில், ஒரு பத்தியாகவும் அரைப் பத்தியாகவும் சிதறிக் கிடந்தன.

அவர் வான் ஹோல்கேமா என்ற பதிப்பகத்தைச் சம்மதிக்க வைத்தார். 1951இல் டச்சு மொழியில் 192 பக்கங்களில் முதல் நூல் வெளிவந்தது. அடுத்த வருடமே எல்செவியர் பதிப்பகம் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. சிறிய புத்தகம்தான். ஆனால் தனது நோயாளிக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று உணர்ந்த ஒரு வைத்தியர், 'இது வேறு எங்கேயாவது நடந்திருக்கிறதா?' என்ற கேள்வியோடு திறக்கக்கூடிய புத்தகம். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. புதிய தகவல்கள் குவிந்ததால், இரண்டு முதல் நான்கு வருடங்களுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் மெய்லர் தொடர்ந்து வெளியிட்டார். நான்காவது தொகுதி வரை தானே சமாளித்தார். அதன் பின்னர் ஒருவரால் முடியாது என்றாகி, அன்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமர் போன்றோரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். 1951இலேயே இப்படி ஒரு நூல் வந்துவிட்டதே, பிறகு எப்படித் தலிடோமைட் அவலம் நடந்தது? மேற்கு ஜேர்மனியில் 1957 முதல் விற்ற தூக்க மருந்து அது. அதை எடுத்த கர்ப்பிணித் தாய்மாருக்குக் கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. உலகெங்கும் 10,000க்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். நெதர்லாந்திலும் அது சொப்டெனோன் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1961 நவம்பரில்தான் ஜேர்மனியில் அதை நிறுத்தினார்கள்.

விடை எளிது. யாராவது ஒருவர் கவனித்து எழுதியது மட்டும்தான் மெய்லரின் புத்தகத்துக்குள் வரமுடியும். எழுதியபோது என்ன நடந்தது என்பதற்கும் தலிடோமைட் கதையிலேயே சாட்சி உண்டு. ஸ்கொட்லாந்தில் லெஸ்லி புளோரன்ஸ் என்ற குடும்ப வைத்தியர், தன் நோயாளிகள் சிலருக்குக் கை கால் விறைப்பதைக் கவனித்தார். தலிடோமைட்தான் காரணமா என்று கேட்டு 1960 டிசம்பர் கடைசி நாளில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு சிறிய கடிதம் எழுதினார். அமெரிக்காவில் அந்த மருந்துக்கான அனுமதி விண்ணப்பத்தைப் பரிசீலித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரியின் கண்ணில் அது பட்டது. நரம்பைத் தாக்கும் மருந்து கருவை என்ன செய்யும் என்று அவர் கம்பனியிடம் கேட்டார். திருப்தியான பதில் வரவில்லை, அவர் அனுமதியும் கொடுக்கவில்லை. அமெரிக்கா பெருமளவில் தப்பியது.

இதற்குப் பிறகு அரசுகள் விழித்துக்கொண்டன. 1968இல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளோடு பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்தை ஆரம்பித்தபோது நெதர்லாந்தும் அதில் ஒன்று. 2003 முதல் அங்கே நோயாளிகளே நேரடியாக லாரெப் என்ற மையத்துக்குத் தங்கள் உபாதையை அறிவிக்கலாம். இடையில் வைத்தியர் வேண்டியதில்லை. மெய்லர் அதைப் பார்க்கவில்லை. 1973 செப்டெம்பரில் அவர் எதிர்பாராமல் காலமானார். எட்டாவது தொகுதியை டியூக்ஸ் பொறுப்பேற்றார். தகவல் வெள்ளம் நான்கு வருடக் கணக்குக்குள் அடங்காது என்று சொல்லி, 1977 முதல் வருடாந்தத் தொகுதிகளைத் தொடக்கினார். 192 பக்கங்களில் ஆரம்பித்த நூல், ஜெப்ரி அரன்சனின் கையில் 2016இல் ஏழு தொகுதிகளாக நிற்கிறது.

மெய்லரைத் தாக்கிய அந்த மருந்து சிலருக்கு மட்டும் ஏன் அவ்வளவு வேகமாகக் காதைப் பறிக்கிறது என்பதற்கும் அவர் இறந்து 20 வருடங்களின் பின்னர் ஒரு பகுதி விடை கிடைத்தது. எங்கள் கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகள், பரிணாமத்தில் பக்டீரியாவின் சொந்தக்காரர்கள். இந்த மருந்துகள் பக்டீரியாவின் புரதம் செய்யும் பொறியைத்தான் தாக்குகின்றன. சிலருக்குத் தாய் வழியாக வரும் ஒரேயொரு எழுத்து மாற்றம், இழைமணியின் பொறியைப் பக்டீரியாவினதுபோல ஆக்கிவிடுகிறது. மருந்துக்கு ஆள் மாறிப்போகிறது. 1993இல் இது கண்டறியப்பட்டது. ஆகவே தாய்க்கோ தாய் வழி உறவினருக்கோ ஊசி மருந்தால் காது போயிருந்தால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களும் சொல்ல வேண்டும். மருந்து வெளியேறும் வாசல் அதுதான்.

இதை வாசித்துவிட்டு யாராவது காசநோய் மருந்தை நிறுத்தினால் நான் எழுதியதே வீண். இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதக் குளிசைகள்தான், ஊசி இல்லை. ரிபாம்பிசின் எடுக்கும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது வெறும் நிறம். அதைக் கண்டு பயந்து மருந்தை எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் கிருமி மருந்துக்குப் பழகித் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது. ஆனால் கண் மஞ்சளானால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால், பாதம் விறைத்தால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்பட்டால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாது. அன்றே போய்ச் சொல்ல வேண்டும். பாதம் விறைப்பதற்கு விற்றமின் பி6 குளிசையே பெரும்பாலும் போதும். மற்றவற்றுக்கு எந்த மருந்தை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

எங்கள் நாட்டிலும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குப் பக்கவிளைவை அறிவிக்கப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பும்படி வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்கலாம். கேட்கப் போகும்போது மருந்தின் பெயர், தொடங்கிய நாள், உபாதை தொடங்கிய நாள், அதே காலத்தில் எடுத்த வேறு குளிசைகள், நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். வெற்று மருந்து அட்டையையும் எறியாமல் கொண்டு போங்கள். அதில் தொகுதி இலக்கம் இருக்கும்.