தப்பிக்கும் மூளை

லண்டனில் ஓர் அலுவலக அறை. மரப்பெட்டிக்குள் ஒடுங்கிப் படுத்தபடி நிலம், நீர், வானம் என்று மாறி மாறிப் பயணம் செய்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறார் ஓர் உளவாளி. எதிரே அவருடைய பழைய மேலதிகாரி. ஏன் வேலையை ராஜினாமா செய்தாய் என்பதுதான் கேள்வி. அவர் சொல்ல வாயெடுக்கும்போது வெளியே பிக் பென் எட்டு முறை அடிக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அதிலும் எட்டு. அது வழியில் போலந்தில் ஒருவர் கொடுத்த கடிகாரம். போலந்தின் நேரம் லண்டனைவிட ஒரு மணி முந்தியது என்பதால், அது ஒன்பது காட்டியிருக்க வேண்டும். எழுந்து தேடுகிறார். தெருவின் இரைச்சல் டேப் ரெக்கார்டரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. கதவைத் திறந்தால், எந்தச் சிறையிலிருந்து தப்பினாரோ அதே சிறை.

1967 செப்டம்பரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கி, 17 அத்தியாயங்களில் முடிந்துபோன ‘தி பிரிசனர்’ தொடரின் காட்சி இது. உளவாளியாக நடித்ததோடு தொடருக்கே உயிராகவும் இருந்தவர் பேட்ரிக் மக்கூஹன். வேலையை உதறிய அன்றே கதாநாயகனை மயக்கமடையச் செய்து கடத்துகிறார்கள். கண்விழிக்கும் இடத்துக்குக் ‘கிராமம்’ என்று மட்டுமே பெயர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. இவர் நம்பர் சிக்ஸ். ஊரை ஆளும் நம்பர் டூ அநேகமாக ஒவ்வொரு வாரமும் மாறுகிறார். படப்பிடிப்பு நடந்த இடம் வடக்கு வேல்ஸின் போர்ட்மெரியன். கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் 1925 முதல் கழிமுகக் கரையில் ஆசை ஆசையாக எழுப்பிய வண்ண ஊர் அது. ஓடுகிறவர்களைத் துரத்தி அமுக்கும் காவல் பூதமாக வருவது ஒரு வெள்ளை பலூன். முதலில் செய்த இயந்திரம் சரியாக ஓடாததால் அந்த இடத்துக்கு வந்தது அது. இவ்வளவு அழகான இடத்தில் இவ்வளவு எளிய பொருளைக் கொண்டு எழுப்பிய அச்சம் இன்றும் மங்கவில்லை.

முதல் அத்தியாயத்திலேயே நம்பர் சிக்ஸ் ஹெலிகாப்டரில் ஏறிப் பறக்கிறார். ஊர் கண்மறைவதற்குள் தூரத்திலிருந்து இயக்கி அதைத் திருப்பி இறக்கிவிடுகிறார்கள். இன்னொரு முறை, விடிந்து பார்த்தால் ஊரில் ஆளே இல்லை. தெப்பம் கட்டி வாரக்கணக்கில் கடலில் மிதந்து இங்கிலாந்து போய்ச் சேர்கிறார். ‘கிராமம்’ எங்கிருக்கிறது என்று காட்டுவதற்காக விமானத்தில் திரும்பி வருகிறார். விமானி அவரை நடுவானில் வெளியே தள்ளிவிட, பாராசூட் நேரே அதே ஊரில் இறங்குகிறது. சிறை அதிகாரிகள் இங்கே பல சமயம் பூட்டுப் போடுவதே இல்லை. ஓடவிட்டு, ஓட்டம் பலித்தது என்று நம்பவைத்து, பிறகு பிடிக்கிறார்கள். நீ எதைச் செய்தாலும் விளைவு ஒன்றுதான் என்று அவருடைய உடம்புக்கே பழக்கப் பார்க்கிறார்கள்.

அதே 1967இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் உளவியலாளர்கள் எதைச் செய்தாலும் விளைவு ஒன்றுதான் என்றால் என்ன ஆகும் என்ற கேள்வியையே நாய்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாரில் கட்டப்பட்ட நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், அதே நேரம்தான். ஆனால் அவை எதைச் செய்தாலும் நிற்காது. மறுநாள் எல்லா நாய்களையும் தாழ்வான தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சி இல்லை. முதல் பிரிவு எளிதில் தாண்டியது. இத்தகைய சோதனைகளில், இரண்டாம் பிரிவு நாய்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாண்ட முயலாமல் படுத்து முனகின. அந்த நாய்களின் நிலையை எண்ணினால் மனம் கனக்கிறது. ஆனால் சோதனை சொன்ன செய்தி பெரிது. வலியின் அளவு இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. இரண்டாம் பிரிவை முடக்கியது, தன் செயலுக்கும் நடப்பதற்கும் தொடர்பே இல்லை என்ற அனுபவம். இதற்குக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியென்றால் நம்பர் சிக்ஸ் மூன்றாம் வாரமே படுத்திருக்க வேண்டுமே? அதற்கும் அந்த ஆய்விலேயே ஒரு விடை கிடைத்தது. முதலில் தப்பிக்க முடிகிற அதிர்ச்சியைச் சந்தித்து, பிறகு தப்பிக்க முடியாத அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் முடங்கவில்லை. முன்பே பெற்ற ஒரு வெற்றி தடுப்பூசியாக நின்றது. அநேகமாக ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அவர் மேலதிகாரியின் மேசையைக் குத்தி ராஜினாமா செய்யும் காட்சி வருவதை இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். அது அவருடைய சொந்தச் செயல். அதன் காரணமும் அவர் கையில்தான் இருக்கிறது. தொடரின் பெரும்பகுதியில் ‘கிராமம்’ அதைப் பிடுங்கத்தான் பாடுபடுகிறது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், மேயரும் செலிக்மனும் தங்கள் கோட்பாட்டையே தலைகீழாக்கி எழுதினார்கள். கொலராடோவில் மேயர் எலிகளின் மூளையைப் பல ஆண்டு ஆராய்ந்திருந்தார். மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்றொரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. துன்பம் நீடித்தால் அது செரோடோனினைக் கொட்டி உடலை முடக்குகிறது. இந்த முடக்கத்தை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது பிறவியிலேயே உள்ள ஏற்பாடு. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு எதிரான ஒன்று. என் செயல் பலிக்கிறது என்று நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி கண்டுகொண்டால், அது கீழே செய்தி அனுப்பி டார்சல் ராஃபேயை அடக்குகிறது. அந்தப் பகுதியை மருந்தால் உறங்கவைத்தபோது, அதிர்ச்சியை நிறுத்தும் வழி கையிலிருந்த எலிகளும் முடங்கின. அதையே தூண்டிவிட்டபோது, வழியே இல்லாத எலிகளும் முடங்காமல் நின்றன.

இதைப் படித்த பிறகு, முடங்கிக் கிடக்கும் ஒருவரைப் பார்த்து ‘இவர் தோல்விக்குப் பழகிவிட்டார்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தன் கை பட்டு ஏதோ ஒன்று மாறுவதை அவர் இன்னும் காணவில்லை, அவ்வளவுதான். முடங்கிய நாய்களை மீட்டதும் அப்படித்தான். இறைச்சித் துண்டு காட்டி அழைத்தபோது அவை அசையவில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தடுப்புக்கு அப்பால் திரும்பத் திரும்ப இழுத்துப் போட்டார்கள். போகப்போக இழுக்கத் தேவையான விசை குறைந்து, கடைசியில் தாமாகவே தாண்டின. அந்த ஆய்வு வெளியானது 1968இல்.

நம்பர் சிக்ஸும் தன் கை பட்டு ஒன்று மாறுவதைக் காண்கிறார். அதனால், தொடரை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு, பிக் பென் அத்தியாயத்துக்கு அடுத்து ‘ஹேமர் இன்டு ஆன்வில்’ அத்தியாயத்தைச் சிபாரிசு செய்வேன். ஒரு பெண்ணைத் தற்கொலைக்குத் துரத்திய நம்பர் டூவை வீழ்த்துவதென்று அதில் நம்பர் சிக்ஸ் முடிவெடுக்கிறார். ஓடவில்லை, தெப்பம் கட்டவில்லை. ஒளித்துவைத்த வெற்றுத் தாள்கள், அர்த்தமில்லாத செய்திகள், கடையில் ஒரே இசைத்தட்டின் பல பிரதிகளைப் போட்டுக் கேட்டு நேரம் பார்ப்பது. இவற்றைக் கொண்டே, இவன் தன்னை வேவு பார்க்க மேலிடம் அனுப்பிய ஆள் என்று நம்பர் டூவை நம்பவைக்கிறார். நம்பர் டூ தன் ஊழியர்களை ஒவ்வொருவராகச் சந்தேகித்து விரட்டுகிறார். கடைசியில் தன்னைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லித் தானே மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார்.