இரண்டு நாள் பொறுக்காத குளங்கள்

சென்னை ஹோட்டல்களில் ‘பாசா’ என்று பரிமாறப்படும் முள்ளில்லாத வெள்ளை மீன் துண்டுகளில் பல, வியட்நாமின் மீகாங் டெல்டா குளங்களில் வளர்ந்தவை. பங்கேசியஸ் என்ற கெளுத்தி இனம் அது. 1990களின் இறுதியில் அந்தக் குளங்களில் ஒரு நோய் புகுந்தது. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. வயிற்றை அறுத்தால் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் எங்கும் வெள்ளைப் புள்ளிகள். அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளை 1970களிலேயே அலைக்கழித்த எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்ற பாக்டீரியாதான் இங்கும் காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

இந்தக் கிருமியைப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

முதலில், சரியான மீன் வேண்டும். செத்து மிதக்கும் மீன் உதவாது. இறந்த சில மணி நேரத்திலேயே தண்ணீரிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் உடலெங்கும் பரவிவிடும். தள்ளாடி நீந்தும் மீனைத்தான் உயிரோடு கொண்டுவர வேண்டும். தோலை ஆல்கஹாலால் துடைத்து, தீயில் காட்டிய கத்தியால் அறுத்து, தலைப்பக்கச் சிறுநீரகத்தில் கம்பி வளையத்தை நுழைத்து எடுத்து, அகார் தட்டில் கோடு கோடாக இழுப்பார்கள். பிறகு 28 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். மனித நோய்களுக்கான ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் 37 டிகிரி இந்தக் கிருமிக்கு ஒத்துவராது.

மறுநாள் காலை தட்டில் பெரிய காலனிகள் தெரிந்தால், அவசரக்காரர் அதையே குற்றவாளி என்பார். அது பெரும்பாலும் ஏரோமோனாஸ். எந்தக் குளத்திலும் இருப்பது, ஒரே இரவில் செழித்து வளர்வது. இக்டலூரி குண்டூசி முனையளவு தலைகாட்டவே 36 முதல் 48 மணி நேரம் ஆகும். காலனியைத் தனியே பிரித்து வளர்த்தபின் ஆக்சிடேஸ் சோதனை: ஊதா நிறம் வந்தால் ஏரோமோனாஸ் பக்கம், வராவிட்டால் எட்வர்ட்சியெல்லா பக்கம். அடுத்து இண்டோல் சோதனை. இக்டலூரிக்கு அது எதிர்மறை; நெருங்கிய உறவான டார்டாவுக்கு நேர்மறை.

பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் கிருமியின் பெயரைச் சொல்லிவிடுமே என்பவர்களும் உண்டு. உண்மைதான். ஆனால் எந்த மருந்துக்கு இந்தக் கிருமி மடியும் என்பதை நேரடியாகக் காட்ட, உயிருள்ள காலனி வேண்டும்.

கவலை இங்கேதான். நாள்தோறும் மீன் சாகும்போது, முடிவு வரும்வரை பண்ணைக்காரர் காத்திருப்பது அரிது. கையில் கிடைத்த ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலந்து போட்டுவிடுகிறார். நோயுற்ற மீனோ தீவனத்தைத் தொடாது. மருந்து நல்ல மீனின் வயிற்றுக்கும் குளத்துச் சேற்றுக்கும்தான் போகிறது. மருந்து போட்ட பிறகு எடுத்த மாதிரியில் பல நேரம் எதுவுமே வளராது; நோய் மட்டும் தொடரும்.

விளைவும் தெரிந்ததே. மீகாங் குளங்களில் பிரித்தெடுத்த இக்டலூரி வகைகள் பல, ஆக்சிடெட்ராசைக்ளினுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. மருந்து வில்லைகளை வைத்த தட்டில், வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழாமல் விளிம்புவரை கிருமி படர்ந்து நின்றால் அதற்குப் பொருள் அதுதான். மருந்து வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட முடியும். அதற்கு வேண்டியது ஆய்வகத்துக்கு உயிரோடு வந்து சேரும் நாலைந்து மீன்களும், சில நாள் அவகாசமும்.