சௌக்கியமா? 26 கேள்விகள்

நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதை அளக்க முயலும் ஆராய்ச்சியில், கேள்வியின் வார்த்தைகளைத் தேடுவதே பெரும்பாடு.

குளியல் தொட்டியில் இறங்கிக் குளிக்க முடிகிறதா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1980-ல் வெளியிட்டு, உலகெங்கும் மூட்டுவாத மருத்துவர்கள் கையாளும் வினாப்பட்டியலில் இப்படி ஒரு கேள்வி உண்டு. வாளியும் சொம்புமாகக் குளிக்கிற இந்திய நோயாளி இதற்கு என்ன பதில் சொல்வார்? தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் மருத்துவர்கள் 2002-ல் கொண்டுவந்த இந்திய வடிவத்தில் கேள்விகளே வேறு. புடவையோ வேட்டியோ கட்டிக்கொள்ள முடிகிறதா? கழிப்பறையில் குந்தவோ தரையில் சம்மணம் போடவோ முடிகிறதா? ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா? காய்கறிச் சந்தைக்குப் போய் வாங்கி வர முடிகிறதா?

பார்வைக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் முழங்கால் மடங்காமல் தவிக்கும் ஒருவருக்கு மருந்து கொடுத்து, அவர் மறுபடியும் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினால், அந்த முன்னேற்றம் பழைய பட்டியலில் பதிவாகவே வழியில்லை. மருந்து பலன் தரவில்லை என்றுகூட முடிவு கட்டிவிடலாம்.

நோயில்லாமல் இருப்பது மட்டுமே ஆரோக்கியமல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1948-லேயே தன் சாசனத்தில் எழுதி வைத்தது. எழுதியதோடு சரி. எண்ணியதெல்லாம் பெரும்பாலும் சாவுகளையும் நோய்களையும்தான். வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கோல் தயாரிக்கும் வேலையை அது கையில் எடுத்தது 1991-ல். இதில் சேர்ந்த 15 மையங்களில் இரண்டு இந்தியாவில் இருந்தன: ஒன்று தில்லி, மற்றொன்று அப்போதைய மெட்ராஸ்.

வழக்கமாக இப்படிப்பட்ட பட்டியல் ஆங்கிலத்தில் பிறந்து, பிறகு மற்ற மொழிகளுக்குப் போகும். இங்கே வேறு வழி. ஒவ்வொரு ஊரிலும் நோயாளிகளையும், நோயில்லாதவர்களையும், மருத்துவத் துறையினரையும் உட்கார வைத்து, நன்றாக வாழ்வதென்றால் என்ன என்று பேச வைத்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து அந்தந்த மொழியிலேயே கேள்விகளை எழுதினார்கள். குவிந்தவை சுமார் 1,800. அவற்றை 236 ஆக்கி, மையத்துக்குக் குறைந்தது 300 பேரிடம் கேட்டுப் பார்த்து, கடைசியில் 100-க்கு வந்தார்கள். பிறகு அவசரத்துக்கு உதவ 26 கேள்விகளில் ஒரு சுருக்கம் வந்தது. இன்று ஆய்வாளர்கள் அதிகம் கையாள்வது இதைத்தான்.

கேள்வியைவிடப் பதில்தான் பெரிய தலைவலி. 'கொஞ்சம்கூட இல்லை' ஒரு முனை, 'மிக மிக அதிகம்' மறுமுனை. நடுவே கால், அரை, முக்கால் அளவுக்குப் பொருந்தும் வார்த்தைகள் வேண்டும். அகராதியை நம்பிப் பயனில்லை. 'கொஞ்சம்', 'ஓரளவு', 'சுமார்' இவற்றில் எது பாதி? அகராதிக்கு 'சுமார்' ஏறக்குறைய நடுவில்; 'படம் சுமார்' என்பவர் வாயில் அது நடுவுக்கு வெகு கீழே. எனவே ஒரு எளிய உபாயம் கண்டார்கள். 10 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றைக் காகிதத்தில் போட்டு, குறைந்தது 20 சாதாரண ஜனங்களிடம் ஒவ்வொரு வார்த்தையையும் அந்தக் கோட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக நடுவில் விழுந்த வார்த்தையே நடு. மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வேலை இது. அப்படியும், 'ஏதோ இருக்கேன்' என்ற நம்மூர்ப் பதிலுக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பது பேட்டி காண்பவர் பாடு.

கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியே கேட்கிறது இந்தப் பட்டியல். பொதுவான இரண்டு கேள்விகள் போக, உடலுக்கு 7, மனதுக்கு 6, உறவுகளுக்கு 3, சுற்றுச்சூழலுக்கு 8. ஆக, அதிக இடம் பிடித்திருப்பது உடம்பு அல்ல. கையிருப்புப் பணம், குடியிருக்கும் இடம், பாதுகாப்பு, போக்குவரத்து வசதி போன்ற விஷயங்கள். ஆஸ்பத்திரி சீட்டில் இவை ஒன்றுகூட ஏறுவதில்லை.

உறவு பற்றிய மூன்றில் ஒன்று தாம்பத்திய சுகம் குறித்தது. பல நாடுகளில் இந்தக் கட்டம் காலியாகவே திரும்பி வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம், மாமியாரும் மகனும் பக்கத்தில் நிற்க, ஆய்வாளர் இதை வாய்விட்டுக் கேட்கும் காட்சியை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். அந்தக் கட்டம் காலியானால் அவருடைய உறவுகளைப் பற்றிச் சொல்ல மிஞ்சுவது இரண்டே பதில்கள்.

இது ஆய்வாளர்களின் கோல். அரசுப் பணத்தை எந்தச் சிகிச்சைக்குச் செலவிடலாம் என்று எடைபோட வேறொரு கோல் இருக்கிறது. நடமாட்டம், சுயபராமரிப்பு, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்தே அம்சங்கள். ஒவ்வொரு உடல்நிலைக்கும் ஒரு மதிப்பு. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. சிகிச்சையால் கிடைக்கும் ஆண்டுகளை இந்த மதிப்பால் பெருக்கிப் பலனைக் கணக்கிடுகிறார்கள். இந்தியாவுக்கென்று மதிப்புகள் இல்லாததால் இங்குள்ள ஆய்வுகள் நெடுநாள் தாய்லாந்து போன்ற நாடுகளின் எண்களைக் கடன் வாங்கின. 2022-ல்தான் சொந்த எண்கள் கிடைத்தன. ஐந்து மாநிலங்களில் 3,548 பேரிடம் கேட்ட கேள்வி சங்கடமானது: இந்த நிலையில் 10 வருஷம் வாழ்வீர்களா, அல்லது பூரண ஆரோக்கியத்தோடு சில வருஷங்கள் மட்டும் போதுமா? படுமோசமான நிலைக்கு வந்த மதிப்பு மைனஸ் 0.923. அதாவது, மரணத்தைவிடக் கீழே.

சிகிச்சைகளை இப்படி எடைபோடவே மத்திய அரசு 2017-ல் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அதன் கணக்குகளுக்கு இனி இந்திய எண்களே கைகொடுக்கும். அவை அந்த ஐந்து அம்சங்களிலிருந்து பிறந்தவை. ராத்திரி தூக்கம் வருகிறதா, கையில் காசு இருக்கிறதா, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்ற கேள்விகள் அந்த ஐந்தில் இல்லை.