அணையைத் தாங்கும் பாறை: ஜான் பிக்னல் ஆடன் (1903–1991)

கிருஷ்ணகிரிப் பகுதியின் அடித்தளம் நைஸ் என்னும் உருமாறிய பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இதில் ஓடும் வெளிர், கரும் பட்டைகள் பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உண்டாக்கியவை. நந்தி மலையில் தோன்றி ஓசூர் வழியாக வரும் தென்பெண்ணையின் குறுக்கே, 1950களில், காமராசர் ஆட்சியில் கட்டப்பட்டது கிருஷ்ணகிரி அணை. முழு நீர்மட்டம் 52 அடி.

சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அடிப்பாறை பிளந்திருந்தால் அணை நில்லாது. ஆகவே கட்டுவதற்கு முன் ஆழத் துளையிட்டுப் பாறை மாதிரிகளை எடுத்துப் பார்க்கிறார்கள். சிதைந்த மேற்பாறையை அகற்றி, விரிசல்களில் சிமெண்ட் கூழை அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். பொறியியல் புவியியல் என்னும் இத்துறைக்கு இந்தியாவில் வழி அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஆடன்.

1926இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். கார்வால் இமயமலையின் பாறை அமைப்பை வரைபடமாக்கினார். 1934ஆம் ஆண்டு பீகார்–நேபாள நிலநடுக்கத்தை ஆராய்ந்த குழுவிலும் இருந்தார். 1945இல் பொறியியல் புவியியலுக்கும் நிலத்தடி நீருக்கும் தனிப்பிரிவு தொடங்கப்பட்டபோது அதற்குத் தலைமை ஏற்றார். அடுத்த சில ஆண்டுகளில், விடுதலைக்குப் பின், நாடு பெரிய அணைகளைக் கட்டத் தொடங்கியது. இந்த அறிவு சரியான நேரத்தில் கிடைத்தது நம் நல்வாய்ப்பு. 1953இல் பணியிலிருந்து விலகினார். ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் இவருடைய தம்பி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் குவாரிகளில் வெட்டப்படுபவையும் நைஸ் போன்ற தொன்மையான பாறைகளே.

பாறையின் மீது பெயர் எழுதவோ செதுக்கவோ வேண்டாம்.