வைத்தியசாலையும் நமது வழமைகளும்

சில வருடங்களுக்கு முன் நாம் நேரில் கண்ட சம்பவம் இது. கல்முனைப் பக்கத்து மூதாட்டி ஒருவரைத் தூரத்து நகரமொன்றின் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். கருப்பையில் நோய். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மூதாட்டிக்குச் சிங்களம் தெரியாது. இடம்பெயர்ந்து சிங்கள ஊரொன்றின் ஓரத்தில் இரண்டு வருடம் இருந்த காலத்தில் கொஞ்சம் சிங்களம் பழகியிருந்த பத்து வயதுப் பேரன்தான் மொழிபெயர்ப்பாளன். இரத்தம் எப்போது தொடங்கியது, எவ்வளவு போகின்றது என்று டொக்டர் கேட்க, அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "மூத்தம்மா, ஏதோ ரெத்தமாம், கேக்காரு" என்றான். அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "ஒண்டுமில்ல மனே, வயிறு நோகுதெண்டு சொல்லு" என்றார். வயிற்று நோவுக்கு மருந்து எழுதப்பட்டது. அடுத்த முறை அவர் அங்கு போனபோது நோய் முற்றியிருந்தது.

இதைக் கேட்பவர்கள் 'படிப்பில்லாத சனம்' என்று சொல்லக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. பேரனிடம் அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய மானம். அந்த மானத்துக்கு வைத்தியசாலையில் இடம் இருக்கவில்லை என்பதே குறை.

இதே குறையை உலகின் மறுகோடியில் முதலில் பேசியவர்கள் நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரி மக்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த தாதியான இரிஹபெற்றி ராம்ஸ்டன் என்பவர் 1980களின் இறுதியில் இதைப் பற்றி எழுதவும் கற்பிக்கவும் தொடங்கினார். பண்பாட்டுப் பாதுகாப்பு என்று இதற்குப் பெயர். ஊசி சுத்தமாக இருப்பது ஒரு பாதுகாப்பு என்றால், நோயாளி தன் மொழியையும் வெட்கத்தையும் நம்பிக்கையையும் வாசலில் கழற்றி வைக்காமல் உள்ளே வர முடிவது இன்னொரு பாதுகாப்பு. 1992 இல் அந்நாட்டுத் தாதியர் கல்வியில் இது சேர்க்கப்பட்டது. இதில் முக்கியமான விடயம், தான் பாதுகாப்பாக நடத்தப்பட்டாரா என்பதைச் சொல்ல வேண்டியவர் நோயாளியே என்பதாகும். தாதியோ டொக்டரோ 'நாங்கள் நன்றாகத்தான் பார்த்தோம்' என்று சொன்னால் மட்டும் போதாது.

நமக்குக் கிட்டிய உதாரணங்களும் உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் என்ற வைத்தியத் தம்பதியர், காட்டில் வாழும் கோண்டு மக்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று அம்மக்களிடமே கேட்டனர். பெரிய கட்டடத்துக்குள் போனால் வழி தெரியவில்லை, உறவினரை வெளியே நிறுத்தி விடுகிறார்கள், நாங்கள் பிரேதத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணியை இவர்கள் உடுத்தியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. எனவே 1993 இல் திறந்த ஆஸ்பத்திரியைக் குடிசைகள் உள்ள ஊர் மாதிரி அமைத்தார்கள். உறவினர் கூடவே தங்கலாம். அம்மக்களின் தெய்வமாகிய தந்தேஸ்வரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில் 1990 இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகியோரின் பெண் பிள்ளைகளே தாதியராகப் பயிற்றப்பட்டனர். வாசலில் நிற்பவள் தன் ஊர்ப் பிள்ளை என்றால் பாதிப் பயம் போய்விடும்.

நமது மாவட்டத்திலும் பூர்வீகக் குடிகள் இருக்கின்றனர். மகாஓயாப் பக்கம் பொல்லேபெத்தையில் வேடர்கள் வாழ்கின்றனர். 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானைப் பக்கத்து வேடர் குடும்பங்கள் பல காட்டை விட்டு ஹெனானிகலை என்னும் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டன. காட்டோடு மூலிகையும் தேனும் போய்விட்டன. வயலை இழந்து அகதி முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் நம்மைப் போலத் தமிழ் பேசுபவர்கள். இருந்தும் கிளினிக்கில் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நம்மவர்கள் இல்லையென்று சொல்ல முடியாது.

கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உண்டு. ஒன்று அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, மற்றையது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. பெரும்பாலும் முஸ்லிம்கள் ஒன்றுக்கும் தமிழர்கள் மற்றதற்கும் போகின்றனர். போர்க்காலம் விட்டுச் சென்ற வழக்கம் இது. இரண்டிலும் தமிழ் பேசலாம். சிக்கல் அதற்கு அப்பால், இடமாற்றத் துண்டோடு அம்புலன்சில் ஏறிய பிறகே தொடங்குகின்றது.

பயம் வந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் 2020 இல் பார்த்தோம். கொரோனாவால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று அவ்வருடம் ஏப்ரல் 11 ஆந் திகதி வர்த்தமானி வெளியாயிற்று. அடக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இங்கு கேட்கப்படவில்லை. டிசம்பரில் கொழும்பில் பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடிப் பக்கம் ஒதுக்கிய காணியில் ஜனாஸாக்கள் அடக்கப்படத் தொடங்கின. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. இடைப்பட்ட மாதங்களில் காய்ச்சலும் மூச்சு முட்டும் வந்தும் வைத்தியசாலை வாசலை மிதிக்க அஞ்சியவர்கள் நமது கரையோரத்தில் இருந்தனர். இறந்தால் உடலை எரித்துவிடுவார்கள் என்று அறிந்தவர், உயிரோடு அங்கே போகத் தயங்குவது விளங்காத காரியமல்ல.

இனி நாம் செய்யக் கூடியவை. பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம். அவர் இல்லையென்றால் ஒரு பெண் தாதியோ நோயாளியின் தாயோ ராத்தாவோ அருகில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். முகத்தைச் சுளிப்பார்களே என்று விட்டுவிட வேண்டாம். கேட்டால்தான் அடுத்தவருக்கும் வழி திறக்கும். மொழிபெயர்க்கச் சிறு பிள்ளைகளை அனுப்பாதீர்கள். ஒரு வளர்ந்த பெண்ணைக் கூட்டிப் போங்கள், அல்லது தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கேளுங்கள். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்பு கொண்டு தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம்.

நோன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனி வருத்தக்காரர் சிலர் றமழானில் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தி விடுகின்றனர். சிலர் சாப்பிடாமல் வழமையான அளவைப் போட்டு நோன்பு திறக்கும் முன் மயங்கி விழுகின்றனர். பிறை காண ஒரு மாதத்துக்கு முன்னரே கிளினிக்கில் சொன்னால் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்கள், அல்லது உங்கள் உடம்புக்கு நோன்பு ஆகாது என்பார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பது என்ற பேச்சு இன்னும் ஊரில் உலவுகின்றது. முன்பு மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது உண்மை. இன்று பரவலாகப் பாவிப்பது நுண்ணுயிர்களைக் கொண்டு ஆய்வுகூடத்தில் செய்யப்படும் மனித இன்சுலின். அதற்குப் பயந்து ஊசியை விட்டு, காலை இழக்க வேண்டாம். மருந்தில் சந்தேகமிருந்தால் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு பிறகு மௌலவியிடம் போங்கள். மௌலவியிடம் மட்டும் போய்த் திரும்பாதீர்கள்.

கடைசியாக, மரணம். ஜனாஸாவைச் சுணங்காமல் அடக்க வேண்டும் என்பது முஸ்லிம்களின் வழமை. வைத்தியசாலைக்குக் கொண்டு போகும் வழியில் உயிர் பிரிந்தால் திடீர் மரண விசாரணை வரும். பிரேத பரிசோதனை என்றால் ஒரு நாளும் போகலாம். நோயின் வரலாறு கையில் இருந்தால் விசாரணை அதிகாரிக்கு மரணத்தின் காரணத்தை விளங்கிக் கொள்வது இலகு. ஆகவே கிளினிக் கொப்பியையும், வாட்டிலிருந்து வீட்டுக்கு விடும்போது தரும் அட்டையையும், மருந்துத் துண்டுகளையும் அடையாள அட்டையோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். ஓடிய காலத்திலும் கடல் வந்த 2004 இலும் இவற்றை இழந்தவர்கள் நம்மில் பலர். பையை வீட்டுக் கதவின் பின்னால், எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க விடுங்கள்.