ஒப்பு மின்வாய்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுவழியில் கீழ்பென்னாத்தூர் என்னும் ஊர் உளது. இப்பெயரின் முன்னுள்ள 'கீழ்' என்னும் அடை தனித்து நின்று பொருள் பயப்பதன்று. எதற்குக் கீழ் என்னும் வினா அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. மேல், கீழ், சேய்மை, அண்மை ஆகிய சொற்கள் யாவும் பிறிதொன்றை அவாவி நிற்பன. மின்வேதியியலார் எழுதும் மின்னழுத்த எண்களும் இவ்வினத்தனவே. இதனை மறந்து அவ்வெண்களைத் தனியே எடுத்தாளுவதால் விளையும் பிழை சிறிதன்று. ஒரு பாலத்தின் உறுதி பற்றிய முடிபே அதனால் மாறிவிடக் கூடும்.

செப்புக் கம்பி ஒன்றைச் செம்புச் சல்பேட்டுக் கரைசலில் நிறுத்தினால், உலோகத்திற்கும் கரைசலுக்கும் இடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு தோன்றும். இவ்வமைப்பை மின்வாய் என்பர். மின்முனை என்பாரும் உளர். இவ்வேறுபாட்டை அளக்க முற்படுவோமாயின் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. அளவிக்கு இரு முனைகள் உண்டு. ஒன்றைக் கம்பியோடு இணைக்கலாம். மற்றொன்றைக் கரைசலோடு இணைப்பது எங்ஙனம்? கரைசலில் எந்த உலோகத்தைத் தோய்ப்பினும் அதுவும் ஒரு மின்வாய் ஆகிவிடும். நாம் பெறுவது ஒன்றன் அழுத்தம் அன்று, இரண்டன் வேறுபாடே. டேனியல் மின்கலம் 1.10 வோல்ட்டு தருகின்றது. அதில் செம்பின் பங்கு இத்துணை, துத்தநாகத்தின் பங்கு இத்துணை என்று பிரித்துக் காட்டும் கருவி எதுவும் இல்லை.

ஆதலின் அறிஞர் ஒரு மின்வாயைத் தேர்ந்து, அதன் அழுத்தம் சுழி எனக் கொள்ளுவோம் என்று உடன்பட்டனர். பிளாட்டினத் தகட்டின்மேல் ஹைட்ரஜன் வளியைச் செலுத்தி அமைக்கும் திட்ட ஹைட்ரஜன் மின்வாயே அது. அதனை நோக்கத் துத்தநாகம் −0.76 வோல்ட்டு, செம்பு +0.34 வோல்ட்டு. இச்சுழி இயற்கை வகுத்ததன்று, மாந்தர் வகுத்தது. மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணிப்பதும் இத்தகையதே.

ஹைட்ரஜன் மின்வாயை நாள்தோறும் கையாளுதல் அரிது. எனவே ஆய்வுக்கூடங்களில் கலோமல் மின்வாய், வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாய் முதலியன வழங்குகின்றன. நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடுக் கரைசலில் அமைந்த கலோமல் மின்வாய், 25 பாகை செல்சியசில், ஹைட்ரஜன் மின்வாயைவிட ஏறத்தாழ 0.24 வோல்ட்டு உயர்ந்து நிற்கும். இதன் சிறப்பு அவ்வெண்ணின் அளவில் இல்லை. அது மாறாமையில் உளது. கரைசலில் குளோரைடின் செறிவு நிலைத்திருக்கும்வரை அழுத்தமும் நிலைத்திருக்கும். ஆயினும் அதன் வழியே மின்னோட்டம் மிகுதியாகப் பாயுமாயின் அந்நிலை குலையும். இதனைத் தவிர்க்கவே, மின்னோட்டத்தைச் சுமக்கத் துணை மின்வாய் ஒன்றைத் தனியே வைத்து, மூன்று மின்வாய் முறையைக் கையாளுகின்றனர். ஆய்வுக்குரியது ஒன்று, சுமப்பது ஒன்று, வாளாவிருந்து அளவுகோலாவது ஒன்று. இம்முறையைத் தானே நடத்தும் மின்னணுக் கருவியை இக்ளிங்கு என்பார் 1942இல் அமைத்தார்.

தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தாயகம் காரைக்குடி. வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்தமையால் அங்கு எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திற்கு 1948 சூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14இல் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்துவைத்தார். கடற்காற்றில் இரும்பு துருவேறுவதை ஆராய மண்டபத்தில் அந்நிறுவனம் ஒரு நிலையமும் அமைத்தது.

கான்கிரீட்டினுள் மறைந்துள்ள கம்பி துருவேறுகின்றதா என அறிதற்கு, அக்கம்பியை அளவியின் ஒரு முனையோடு இணைத்து, செம்பு–செம்புச் சல்பேட்டு மின்வாயை ஈரமாக்கிய கான்கிரீட்டின் மேற்பரப்பில் வைத்து அளப்பர். சி 876 என்னும் அமெரிக்கச் சோதனை நெறியால் பரவிய எல்லைகளின்படி, அளவு −0.20 வோல்ட்டுக்கு மேலிருப்பின் துரு இல்லை என்பதற்கு 90 விழுக்காட்டிற்கு மேல் வாய்ப்பு, −0.35க்குக் கீழிறங்கின் துரு உண்டு என்பதற்கு அத்துணை வாய்ப்பு. இடைப்பட்டது ஐயத்திற்குரியது. இனி ஓர் அறிக்கை '−0.30 வோல்ட்டு' என்று மட்டும் கூறுவதாகக் கொள்ளுவோம். செம்பு மின்வாயால் அளந்ததாயின் அஃது ஐய நிலை. கலோமல் மின்வாயால் அளந்ததாயின், இரண்டிற்கும் இடையே 0.075 வோல்ட்டு வேறுபாடு உண்மையின், செம்பு அளவில் அது −0.375 ஆகும், கம்பி அரிக்கப்பட்டு வருகின்றது என்றே கொள்ளல் வேண்டும். எண் ஒன்றே; முடிபு இரண்டு. ஆங்கில நூலைப் பெயர்க்குங்கால் மின்வாயின் பெயரை வேண்டா அடையென விடுதல் எத்துணைக் கேடு என்பது இதனாற் புலனாம்.

நம் முன்னோர் இதில் விழிப்பாயிருந்தனர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் பொன் இத்துணைக் கழஞ்சு என்பதோடு நில்லாமல், ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தது என்கின்றன. அணிகலன்கட்குத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல் வேறாகக் குறிக்கப்படுகின்றது. ஆடவல்லான் என்னும் மரக்கால் இராசகேசரி மரக்காலோடு ஒக்கும் என்று ஓர் அளவை மற்றோர் அளவையோடு பொருத்திக் காட்டுவதும் உண்டு. கலோமல் அளவைச் செம்பு அளவாக மாற்றுவதும் இச்செயலே.

இக்கருத்து நோக்கிக் 'கட்டளை மின்வாய்' என்று பெயரிட எனக்கு விருப்பமே. கட்டளைக்கல் என்னும் வழக்கு உண்டன்றோ? எனினும் இக்கால மாணவர் செவியில் கட்டளை என்பது ஏவல் என்றே ஒலிக்கும். 'குறிப்பு மின்வாய்' என்பதோ, சான்றுக் குறிப்பு என்னும் வேறு பொருளை ஆங்கிலச் சொல்லின்வழி இழுத்துவரும். ஆதலின் 'ஒப்பு மின்வாய்' என்றே ஈண்டு ஆண்டேன்.

மேற்பரப்பில் வைத்து அளப்பதில், இடையிலுள்ள கான்கிரீட்டின் தடையும் ஈரமும் அளவைத் திரிக்கும். இதனால் கம்பியின் அருகிலேயே புதைத்து வைக்கத்தக்க ஒப்பு மின்வாய்களைக் காரைக்குடி ஆய்வாளர் ஆராய்ந்தனர். காரச் சூழலில் நிலைக்கும் மாங்கனீசு ஈராக்சைடு அதற்குப் பயன்பட்டது. புதைத்தபின் அதனைப் பெயர்த்தெடுத்துச் சோதித்தல் இயலாது. மேற்பரப்பில் பிறிதோர் ஒப்பு மின்வாயை வைத்து, புதைந்ததன் அழுத்தம் பிறழாதிருக்கின்றதா என அவ்வப்போது பார்த்து வருதலே வழி.