பழைய வண்டியின் குலுக்கம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டை எய்துகிறது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததேயன்றி மக்களின் போக்குவரத்து பிரியவில்லை. மலையாளத்தில் குறை கூறுபவருக்குத் தமிழில் விடை கூறுவது இவ்வூர்களில் இயல்பு. வெளி மாநிலங்களில் தொழில் புரியும் நம்மவர்க்கும் இந்நிலை புதிதன்று.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் 2013இல் மறைந்தவருமான உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் நெடுங்காலம் பேணிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 வண்டி இன்றும் பலராலும் பேசப்படுகிறது. 1953இல் வெளிவந்த அவ்வகை வண்டியொன்று, ‘குலுக்கம் தாங்கவில்லை’ என்னும் முறையீட்டுடன் எல்லையோரப் பட்டறைக்கு வருமாயின் செய்யத்தக்கது யாது என்பதைக் காண்போம்.

முதற்கண், முறையீட்டின் பொருளைத் தெளிய வேண்டும். ‘குலுக்கம்’ இரு மொழிக்கும் பொதுச் சொல்லே. ஆயினும், ‘சரிவு’ என்று மலையாளத்தில் ஒருவர் கூறினால், வண்டி ஒருபுறம் சாய்ந்து நிற்பதையே அவர் குறிக்கக்கூடும். நாம் அதைச் சாலையின் இறக்கம் என்று கொண்டால் நோய் ஒன்று, மருந்து வேறு ஆகிவிடும். ஆகவே உரிமையாளரை உடன் ஏற்றிக்கொண்டு, அவர் அஞ்சும் அதே சாலையில் ஒருமுறை சென்று வருதலே நன்று.

அடுத்து, செலவில்லாத சோதனைகள். டயர்களின் காற்று அளவாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். காற்று மிகுந்தாலும் குலுக்கம் மிகும். பின்னர், வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடவேண்டும். மேலெழுந்து உடனே அடங்கினால் நன்று. படகுபோல் பலமுறை அசைந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று அறியலாம். சுருள்வில் பாரத்தைத் தாங்குவது. அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரே. இவ்விரண்டின் வேறுபாடு அறியாமல் வில்லை மாற்றிப் பொருளை இழந்தோர் உண்டு.

‘கடகட’ என்னும் ஓசை எழுந்தால், சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்க்க வேண்டும். முன் சக்கரங்களைத் தாங்கும் கிங்பின்களும் மூட்டுக்களும் காலந்தோறும் கிரீஸ் வேண்டுபவை. அது தவறினால் தேய்ந்துவிடும். ரப்பர் புஷ்களோ, அதிகம் ஓடாத வண்டியிலும் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடித்துவிடும்.

வண்டி சாய்ந்து நின்றால், சமதளத்தில் நிறுத்தி இருபுற உயரத்தையும் அளக்க வேண்டும். வில் தளர்ந்திருப்பின் இரு பக்கமும் சோடியாக மாற்றுவதே முறை. அழுத்தப்பட்ட சுருள்வில் கைநழுவினால் உயிரையே குடிக்கும். தக்க கருவியின்றி அதைக் கழற்றல் ஆகாது. வேறு வண்டியின் விறைப்பான வில்லைப் பொருத்துவதும் தவறு. இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் இல்லை. உடலே சட்டமாதலால், அதிர்ச்சி உடலையே சென்று தாக்கும்.

இறுதியாக, தீர்க்க இயலாத குறை ஒன்றுண்டு. இவ்வண்டியின் பின் அச்சு இரு பாதிகளாக நடுவே மூட்டப்பட்டு ஊஞ்சல்போல் அசைவது. வளைவில் விரைந்து சென்று திடீரெனப் பிரேக் பிடித்தால் பின்புறம் மேலெழும். சக்கரங்கள் உட்புறமாக மடங்கித் தரையின் பிடி குறையும். இது பழுதன்று, அக்கால அமைப்பின் இயல்பு. இதனை மறைத்து, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று பணம் பெறுவது, வண்டியில் செல்வோரின் உயிரோடு விளையாடுவதாகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும்படி அவருக்கு அவர் மொழியிலேயே எடுத்துரைக்க வேண்டும்.

கழற்றிய பழைய உறுப்புக்களை உரிமையாளரிடம் ஒப்படைத்து, அதே சாலையில் மீண்டும் அவரை அழைத்துச் சென்று காட்டுவோமாயின், முறையீடு தீர்வதோடு நம்பிக்கையும் நிலைபெறும். அயல் மண்ணில் தொழில் செய்வோர்க்கு அதனினும் சிறந்த முதல் வேறில்லை.